சண்டைக்கு நடுவில் ஒளிவது: ஒரே தூணுக்குப் பின்னால் ரோக் எத்தனை ரவுண்டு மறையலாம்?

அரைக்கவர்:

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டிக் கதாபாத்திரங்களை நடத்தும் மேசை விளையாட்டு) ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். சண்டை நடக்கும்போது ஒளிவது பற்றி நூலில் சொல்லியிருப்பதெல்லாம் சிதறிக் கிடக்கிறது. ஹைட் ஆக்‌ஷன் ஓரிடம், கண்ணில் படாமல் தாக்குவது ஓரிடம், வெளிச்சமும் கவரும் (தடைக்குப் பின்னால் கிடைக்கும் பாதுகாப்பு) வேறிடம். எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தும் கீழே உள்ள சூழ்நிலைக்கு உறுதியான விடை கிடைக்கவில்லை.

அறை 40 அடி நீளம், 30 அடி அகலம், நல்ல வெளிச்சம். நடுவில் ஒரு கட்டத்தை முழுசாக அடைத்த கல்தூண். வடக்குச் சுவரை ஒட்டி நான்கு கோப்லின்களும் ஒரு ஹாப்கோப்லினும் பரவலாக நிற்கிறார்கள். தூணுக்குத் தெற்கே ஒட்டிய கட்டத்தில் லெவல் 5 ரோக் (மறைந்து தாக்கும் வகைப் பாத்திரம்). டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 18, ஸ்டெல்த்தில் (ஒளியும் திறமை) எக்ஸ்பெர்ட்டிஸ், ஆக ஒளியும் பகடைக்கு மொத்தம் +10. ஆயுதம் ஷார்ட்போ (சிறு வில்). ஒவ்வொரு ரவுண்டும் ஒரே காரியம்தான்: பக்கத்துக் கட்டத்துக்கு வந்து அம்பு விடுவது, தூணுக்குப் பின்னால் திரும்புவது, அதே முறையில் கூடுதல் செயல் தரும் கன்னிங் ஆக்‌ஷனில் ஒளிவது, அடுத்த ரவுண்டில் அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுப்பது) கேட்பது.

1. தூணுக்குப் பின்னால் போனதை ஐந்து பேரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகும் அவன் ஒளிந்திருக்கிறான் என்று எப்படிச் சொல்வது?

2. அம்பு விட வெளியே வந்தாலே கண்ணில் பட்டுவிடுவானே, அட்வான்டேஜ் எங்கிருந்து வருகிறது?

3. எதிரி தன் ஆக்‌ஷனைச் செலவழித்துத் தேட வேண்டுமா, பாஸிவ் பெர்செப்ஷன் (பகடை உருட்டாமலே உள்ள கவனிப்பு எண்) போதுமா?

4. 2024 நூலில் டிசி (பகடை எட்ட வேண்டிய எண்) 15 என்று இருக்கிறதாம். அதையே எடுத்துக்கொண்டால் தகராறு தீருமா?

இருபதுமுகம்:

இதில் மூன்று தனித்தனிக் கேள்விகள் ஒன்றாகச் சிக்கிக் கிடக்கின்றன. எதிரிக்கு அவன் கண்ணில் தெரிகிறானா? எந்தக் கட்டத்தில் இருக்கிறான் என்று எதிரிக்குத் தெரியுமா? தாக்கும்போது அட்வான்டேஜ் உண்டா? 2014 விதியில் மூன்றாவது கேள்விக்கான விடை முதல் கேள்வியைப் பொறுத்தது, இரண்டாவதை அல்ல. உங்களைப் பார்க்க முடியாத எதிரியைத் தாக்கினால் அட்வான்டேஜ், அவ்வளவுதான். "தூணுக்குப் பின்னாலதான் இருக்கான்" என்று அவனுக்குத் தெரிந்திருப்பதால் அது பறிபோகாது. எந்தப் பக்கம், எந்த நொடியில் தலை நீட்டுவான் என்பது தெரியாதே. ஆகவே ஒரே தூணில் மறுபடி மறுபடி ஒளிவதை 2014 விதி எங்கேயும் தடுக்கவில்லை.

ஆனால் பகடையை உருட்டுவதற்கு முன்னால் உங்கள் வரைபடத்தைப் பாருங்கள். பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. தெளிவாகப் பார்க்கக்கூடிய எதிரியிடமிருந்து ஒளிய முடியாது என்பது விதி. ("தெளிவாக" என்ற சொல் முதல் அச்சில் இல்லை, பிழைத்திருத்தத்தில் சேர்த்தார்கள்.) இந்தத் தூண் யாரிடமிருந்து மறைக்கிறது?

டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) கையேட்டில் கட்டக் கணக்கு இருக்கிறது. தாக்குபவரின் கட்டத்தில் ஏதாவது ஒரு மூலையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து இலக்கின் கட்டத்து நான்கு மூலைகளுக்கும் கோடு போடுங்கள். ஒன்றிரண்டு கோடு தடைபட்டால் அரை கவர், ஏசிக்கு (தாக்குபவரின் பகடை எட்ட வேண்டிய எண்) +2. மூன்று நான்கு தடைபட்டும் அம்பு எப்படியோ போய்ச் சேரும் என்றால் முக்கால் கவர், +5. தூணுக்கு நேர் வடக்கில், அதே வரிசையில் நிற்கும் கோப்லினுக்கு ரோக் மறைந்திருக்கிறான். ஒரே ஒரு வரிசை தள்ளி நிற்கும் கோப்லினை எடுங்கள். அதன் வெளிப்பக்க மூலையிலிருந்து கோடு போட்டால் ரோக்கின் கட்டத்தில் அந்தப் பக்கத்து இரண்டு மூலைகளுக்கும் தடையே இல்லை. அது அரை கவர்தான். அந்தக் கோப்லின் அவனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. எதிரிகள் பரவலாக நிற்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஐந்தில் ஒன்றிடமிருந்து மட்டும்தான் ஒளிய முடிகிறது, மற்ற நான்கிடம் ஹைட் ஆக்‌ஷன் கேட்பதற்கே இடமில்லை.

ஒளிவது ஒவ்வொரு எதிரிக்கும் தனித்தனியாகக் கணக்கு. ஒரே சமயத்தில் ஒருத்தனுக்கு மறைந்தும் இன்னொருத்தனுக்குத் தெரிந்தும் இருக்கலாம். மறைந்திருக்கும் அந்த ஒருவனை நோக்கி அம்பு விட்டால் அட்வான்டேஜ் உண்டு, மற்றவன் மீது விட்டால் கிடையாது.

இப்போது இரண்டாவது கேள்வி. தூணுக்கு நேர் பின்னால் நின்று நேர் எதிரே இருப்பவனைச் சுட முடியாது, முழு கவர் இரண்டு பக்கத்துக்கும் பொது. எட்டிப் பார்த்துச் சுடுவதற்கென்று தனி விதி கிடையாது. நூல் சொல்வது இதுதான்: சண்டையில் எல்லோரும் சுற்றிலும் கவனமாக இருப்பார்கள், ஒளிந்த இடத்தை விட்டு வெளியே வந்து ஒருவரை நெருங்கினால் பொதுவாகக் கண்ணில் படுவீர்கள், எதிரியின் கவனம் வேறெங்கோ இருந்தால் டிஎம் விட்டுக்கொடுக்கலாம். "நெருங்கினால்" என்பது கத்தியோடு 20 அடி ஓடி வருகிறவனுக்கு. தூணின் ஓரத்தில் உடம்பைச் சாய்த்து வில்லை மட்டும் நீட்டுகிறவனுக்கு நான் அட்வான்டேஜ் கொடுப்பேன். அடுத்த கட்டத்தையும் தாண்டி வெட்டவெளியில் ஓடிப் போய் நின்று சுட்டால் கொடுக்க மாட்டேன். அட்வான்டேஜ் முதல் அம்புக்கு மட்டும்தான் என்பதையும் சொல்லிவிடுங்கள். அம்பு பட்டாலும் தவறினாலும் இருக்கும் இடம் வெளிப்பட்டுவிடுகிறது. கூடுதல் தாக்குதல் வைத்திருப்பவர்கள் இதை வசதியாக மறந்துவிடுவார்கள்.

மூன்றாவது. ஸ்டெல்த் உருட்டியதும் அந்த எண்ணை ஒவ்வொரு எதிரியின் பாஸிவ் பெர்செப்ஷனோடும் ஒப்பிடுங்கள். இதற்கு எதிரி எதையும் செலவழிக்க வேண்டாம். பாஸிவில் தவறியவன் மறுபடி முயல வேண்டும் என்றால் சர்ச் ஆக்‌ஷன் எடுத்து விஸ்டம் பெர்செப்ஷன் உருட்ட வேண்டும். கோப்லினுக்கு பாஸிவ் 9, ஹாப்கோப்லினுக்கு 10. +10 வைத்திருக்கிற ரோக் 1 உருட்டினாலே 11. இங்கே பகடையே தேவையில்லை. ஆகவே கோப்லின் சர்ச் எடுப்பதும் ஏறக்குறைய ஒரு ஆக்‌ஷனைத் தூக்கி எறிவதுதான். அது 30 அடி நடந்து தூணைச் சுற்றி வரட்டும். கண்ணெதிரே நிற்பவனைப் பார்க்க எந்தப் பகடையும் வேண்டாம், அந்த நிமிஷமே ஒளிவு முடிந்தது. இரண்டு கோப்லின்கள் இரண்டு பக்கமாக வந்தால் இந்தத் தூணில் ஒளிய ஒரு மூலைகூட மிஞ்சாது.

நிழலடி:

2024 பற்றி நான் சொல்றேன், ஏன்னா டிசி 15ஐ மட்டும் பிடுங்கிட்டு வந்து 2014ல ஒட்டினா இரண்டும் கெட்டுப்போகும்.

2024 ஹைட் இப்படிப் போகுது. முதல்ல இடம்: கனமான மறைவு, இல்லன்னா முக்கால் கவர், இல்லன்னா முழு கவர். அதோட எந்த எதிரியோட பார்வைக் கோட்டிலயும் இருக்கக் கூடாது. "எந்த எதிரியும்"ங்கிறதுதான் முக்கியம். மேலே இருபதுமுகம் சொன்ன மாதிரி ஒருத்தன்கிட்ட ஒளிஞ்சு நாலு பேருக்குத் தெரியறதெல்லாம் இங்க கிடையாது. ஒரு கோப்லினுக்குத் தெரிஞ்சா ஹைட் எடுக்கவே முடியாது. அப்புறம் டிசி 15 ஸ்டெல்த். தேறினா ஒளிஞ்சிருக்கிற வரைக்கும் இன்விசிபிள் நிலை. உருட்டின மொத்த எண்ணைக் குறிச்சு வைக்கணும், அதுதான் உங்களைக் கண்டுபிடிக்க எதிரிக்கான டிசி.

எப்ப முடியும்: கிசுகிசுப்பை விடச் சத்தம் போட்டா, எதிரி கண்டுபிடிச்சா, தாக்குதல் பகடை உருட்டினா, வாய்விட்டுச் சொல்ற மந்திரம் போட்டா. இந்த நாலுதான்.

இதுல "வெளிச்சத்துல நடந்து வந்தா"ன்னு ஐந்தாவது ஒண்ணு இல்லைங்கிறதைக் கவனிச்சிருப்பீங்க. அதனால சிலர் எழுத்துக்கு எழுத்து வாசிச்சு, ஒரு தடவை 15 போட்டுட்டா அறைக்கு நடுவுல நின்னு ஆடினாலும் இன்விசிபிள்தான்னு வாதாடுவாங்க. அதுக்கு விடை "எதிரி கண்டுபிடிச்சா"ங்கிற வரியிலயே இருக்கு. கண்டுபிடிக்கிறதுன்னா சர்ச் ஆக்‌ஷன்ல மட்டும்தான்னு விதி சொல்லல. முழு வெளிச்சத்துல, ஒரு மறைப்பும் இல்லாம, விழிச்சிருக்கிற எதிரி முன்னால வந்து நின்னா கண்டுபிடிச்சாச்சு. பாஸிவ் பெர்செப்ஷனும் 2024ல உயிரோடதான் இருக்கு. நீங்க 16 போட்டு எதிரிக்கு பாஸிவ் 17ன்னா நான் உடனே கண்டுபிடிச்சதாத்தான் வைப்பேன்.

அதே சமயம் 2024 ரோக்குக்கு ஒரு வசதி. தூண் ஓரத்துல தலை நீட்டிச் சுடறப்ப, தாக்குதல் பகடை உருட்டின *பிறகுதான்* நிலை போகுது. வெளிய எட்டின உடனே போகல. அதனால உங்க இரண்டாவது கேள்விக்கு 2024ல சண்டையே இல்ல, அந்த அம்புக்கு அட்வான்டேஜ் உண்டு.

இன்னொரு குழப்பம். முக்கால் கவர் போதும்னு ஒரு பக்கம் சொல்லுது, பார்வைக் கோட்டில இருக்கக் கூடாதுன்னு இன்னொரு பக்கம் சொல்லுது. அம்பு விடற துளைக்குப் பின்னால நிக்கிறவனுக்கு முக்கால் கவர், ஆனா துளை வழியா எதிரிக்கு அவன் தெரியறான். கண்டிப்பா வாசிச்சா அந்த இடத்துல ஒளிய முடியாது. என் தீர்ப்பு: துளைக்குக் கீழ குனிஞ்சா ஒளியலாம், அங்கிருந்து எழுந்து சுடலாம்.

கேள்வி 4க்கு நேரடி பதில்: தீராது. 2014ல எண் எதிரியைப் பொறுத்தது, 2024ல முதல் படி எல்லாருக்கும் 15. +10 ரோக் கோப்லின்கிட்ட 2014ல தோற்கவே மாட்டான், 2024ல 5 விழணும், அதாவது 80%. எக்ஸ்பெர்ட்டிஸ் இல்லாம +7ன்னா 65%. டெக்ஸ்டெரிட்டி +0, செயின் மெயில் கவசம் போட்ட பேலடின் டிஸ்அட்வான்டேஜோட (இரண்டு பகடையில சின்னதை எடுக்கணும்) 15 போட 9%. மறுபக்கம் ஓநாய் மாதிரி மூக்கு கூர்மையானதுகிட்ட 2014 கடுமை. அதோட பாஸிவ் 13, மோப்பத்துக்கும் காதுக்கும் அட்வான்டேஜ், பாஸிவ்ல அது +5, ஆக 18. +10 ரோக்குக்கே 8 வேணும்.

பகடைச்சத்தம்:

இருபதுமுகம் போட்ட கோட்டுக் கணக்கோடு எனக்கு உடன்பாடில்லை. அது தாக்குதலுக்கான கவர் கணக்கு. ஒரு ஆள் தன் 5 அடிக் கட்டத்தை முழுசாக அடைத்துக்கொண்டு நிற்பதில்லை, சண்டையில் அவன் ஆளுகிற இடம் அது. தூணோடு முதுகை ஒட்டிக்கொண்டால் வடக்குச் சுவரில் எங்கே நிற்கிறவனுக்கும் தெரிய மாட்டான். கட்டத்தின் நடுப்புள்ளியில் நிற்பதாக வைத்தால்கூட, ஒட்டியிருக்கும் தூண் இரண்டு பக்கமும் 45 டிகிரி வரை மறைக்கிறது. 30 அடி அறையில் வடக்குச் சுவர் முழுக்க அதற்குள் அடங்கிவிடும். மூலைக் கோடு போட்டு ரோக்கின் முக்கியத் திறமையை ஒரேயடியாக முடக்குவது நியாயமில்லை.

இருபதுமுகம்:

நடுப்புள்ளிக் கணக்கு சரிதான், உங்கள் மேசையில் அதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அப்படியென்றால் இரண்டு பக்கத்துக்கும் அதே அளவுகோல் வேண்டும். ரோக் ஒளியும்போது நடுப்புள்ளி, கோப்லின் அம்பு விடும்போது அந்த ரோக்குக்கு அரை கவர் மட்டும் என்றால் ஒரே ஆளை இரண்டு இடத்தில் நிறுத்துகிறோம். முதுகை ஒட்டி ஒளிந்தவன் என்று ஏற்றுக்கொண்டால் அந்த ரவுண்டில் அவனுக்கு முழு கவரும் கொடுங்கள், அவன் சுட வேண்டும் என்றால் கட்டாயம் ஓரத்துக்கு வர வேண்டும் என்றும் வையுங்கள். கட்டம் இல்லாமல் பேச்சிலேயே விளையாடும் மேசைக்கு உங்கள் வழிதான் ஒரே வழி. எப்படியிருந்தாலும் முதல் ரவுண்டுக்கு முன்னால் தீர்மானித்துவிட வேண்டும்.

அரைக்கவர்:

நன்றி. நான் நடுப்புள்ளியை எடுத்துக்கொள்கிறேன். அடுத்த இரண்டு: ஒவ்வொரு ரவுண்டும் அட்வான்டேஜ் கிடைப்பது மற்ற வீரர்களோடு ஒப்பிட்டால் அதிகமில்லையா? ஒரே இடத்தில் இரண்டாம் தடவை ஒளிந்தால் டிஸ்அட்வான்டேஜ் என்று வீட்டு விதி வைக்கலாமா?

கணக்கர்:

அதிகமில்லை. லெவல் 5, தாக்குதல் +7, எதிரி ஏசி 15. ஷார்ட்போ சேதம் டி6+4 (ஆறுமுகப் பகடையோடு 4), சராசரி 7.5. ஸ்னீக் அட்டாக் (அட்வான்டேஜோ இலக்கருகே நண்பரோ இருந்தால் ரோக்குக்குக் கிடைக்கும் கூடுதல் சேதம்) 3டி6, சராசரி 10.5. கிரிட்டிக்கலை விட்டுவிடுகிறேன்.

ஒளியாமல், இலக்கின் பக்கத்தில் நண்பர் யாரும் இல்லாமல்: 65% × 7.5 = 4.9.
ஒளியாமல், இலக்கிலிருந்து 5 அடிக்குள் நண்பர் நிற்கிறார்: 65% × 18 = 11.7.
அட்வான்டேஜோடு: 87.75% × 18 = 15.8.

பெரிய தாவல் 4.9லிருந்து 11.7க்கு. அது ஸ்னீக் அட்டாக் கிடைப்பதால் வருவது, ஒளிவதால் அல்ல. முன்வரிசையில் ஒரு ஃபைட்டர் எதிரியோடு மோதிக்கொண்டிருந்தால் ரோக் எதுவும் செய்யாமலே அந்த 11.7ஐ வாங்கிவிடுகிறான். ஒளிந்து கூடுதலாகச் சம்பாதிப்பது ரவுண்டுக்கு சுமார் 4 புள்ளி. அதற்கு விலை போனஸ் ஆக்‌ஷன், கூடவே அந்தத் தூணை விட்டு நகர முடியாத நிலை. 2024ல் 80% ஒளிவு என்று வைத்தால் நண்பர் இல்லாதபோது 13.6, நண்பர் இருந்தால் 15.0.

ஒப்பிட ஸ்டெடி எயிம் இருக்கிறது. 2014 பதிப்புக்கு அது 2020இல் விருப்ப விதியாக வந்தது, 2024இல் லெவல் 3 ரோக்குக்கு நேரடியாகவே கிடைக்கிறது. போனஸ் ஆக்‌ஷன், அந்த டர்னில் நகர்ந்திருக்கக் கூடாது, டர்ன் முடியும்வரை வேகம் 0, அடுத்த தாக்குதலுக்கு அட்வான்டேஜ். பகடையே இல்லாமல் 15.8. அதை அனுமதிக்கிற மேசையில் தூணுக்குப் பின்னால் ஒளிவதைக் கட்டுப்படுத்துவதில் அர்த்தமில்லை. ஒளிவதில் மிச்சம் லாபம் தற்காப்புதான்.

இன்னொன்று: கோப்லினுக்கு உயிர்ப்புள்ளி 7. அதன் மேல் சராசரி 18 சேதத்தைக் கொட்டுவது வீண். ஸ்னீக் அட்டாக்கை ஏசி 18, உயிர்ப்புள்ளி 11 உள்ள ஹாப்கோப்லினுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கே அட்வான்டேஜ் 50%ஐ 75% ஆக்குகிறது.

இருபதுமுகம்:

வீட்டு விதி வைப்பதாக இருந்தால் ரோக்கின் பகடையைத் தொடாமல் எதிரியின் பக்கம் வையுங்கள்: அந்த இடத்தைக் குறிப்பாக உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்குப் பாஸிவில் +5. ஆனால் அதற்கும் முன்னால் விதியிலேயே இருக்கும் ஆயுதங்களைப் பயன்படுத்திப் பார்த்தீர்களா என்பதுதான் கேள்வி. பெரும்பாலான மேசைகளில் ரோக் அடக்க முடியாதவனாகத் தெரிவதற்குக் காரணம், டிஎம் எதிரிகளை வடக்குச் சுவரிலேயே நட்டு வைத்திருப்பது.

ரெடி ஆக்‌ஷன் மலிவானது. கோப்லின் தன் டர்னில் "தூணிலிருந்து தலை தெரிந்தால் சுடுவேன்" என்று தயாராக நிற்கிறது. தூண்டுதல் முடிந்த உடனே எதிர்வினை. ரோக் எட்டுவது தூண்டுதல், ஆகவே கோப்லினின் அம்பு ரோக்கின் அம்புக்கு முன்னால் போகும். தூண்டுதலை "சுட்டால்" என்று எழுதினால் ரோக்கின் அம்பு முதலில் போய்விடும், சொல் தேர்வு முக்கியம். ஓரத்தில் நிற்கிற ரோக்குக்கு அரை அல்லது முக்கால் கவர் இருக்கும், +2 அல்லது +5 மறக்காதீர்கள், ஏசி கணிசமாக ஏறிவிடும். இரண்டு கோப்லின் இப்படிக் காத்திருந்தால் அவை தங்கள் ஆக்‌ஷனை ரோக்குக்காகக் கட்டிப்போட்டுவிட்டன, மற்ற வீரர்கள் மூச்சு விடுவார்கள். அதுவும் ரோக்கின் பங்களிப்புதான்.

கணக்கர் சொன்ன தற்காப்பு லாபத்தைக் கொஞ்சம் விரிக்க வேண்டும், வீரர்கள் பலருக்கு இது தெரியாது. கண்ணில் தெரியாதவன் எதிரியின் கைக்கெட்டும் தூரத்திலிருந்து விலகினால் ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக் கிடையாது, ஏனென்றால் அது பார்க்க முடிகிற எதிரிக்கு மட்டும். மேஜிக் மிசைல், ஹோல்ட் பெர்சன் போன்ற மந்திரங்கள் பார்க்க முடிகிற ஆளைத்தான் பிடிக்கும். ஆனால் ஃபயர்பால் யாரையும் பார்க்க வேண்டாம், தூணுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியைக் குறிவைத்தால் ஒளிந்தவனும் வேகிறான். தெரியாதவன் மேல் அம்பு விடுவதும் தடையில்லை: கட்டத்தை ஊகித்து டிஸ்அட்வான்டேஜோடு உருட்டலாம். ஊகம் தவறென்றால் தானாகவே தவறு, அப்போது டிஎம் "படவில்லை" என்று மட்டும் சொல்ல வேண்டும், ஆள் அங்கே இல்லை என்று காட்டிக்கொடுக்கக் கூடாது.

நிழலடி:

புகையும் இருட்டும் பத்தி யாரும் பேசல. இதுலதான் நிறைய பேர் தடுக்கி விழறாங்க.

ஃபாக் கிளவுட் (புகைமூட்ட மந்திரம்) 20 அடி ஆரம். உள்ள போன ரோக் "நான் தெரிய மாட்டேன், அட்வான்டேஜ்"ன்னு குதிப்பான். அவனுக்கும் வெளிய எதுவும் தெரியாது. எதிரி அவனைப் பார்க்கல, அட்வான்டேஜ். அவன் எதிரியைப் பார்க்கல, டிஸ்அட்வான்டேஜ். இரண்டும் அடிச்சுக்கிட்டு நேர்ப் பகடை. ஸ்னீக் அட்டாக் வேணும்னா இலக்குப் பக்கத்துல நண்பர் இருந்தாகணும். புகையை ஒளிஞ்சுக்கவும் தப்பிக்கவும் பயன்படுத்தலாம், சுடறதுக்கு அது உதவாது.

சாதாரண இருட்டு வேற. இருட்டுல நிக்கிறவன் வெளிச்சத்துல நிக்கிறவனை நல்லாவே பார்ப்பான், அவனுக்கு அட்வான்டேஜ் உண்டு. ஆனா எதிரிக்கு டார்க்விஷன் (இருட்டுலயும் பார்க்கிற திறன்) இருந்தா 60 அடிக்குள்ள அந்த இருட்டு வெறும் மங்கல் வெளிச்சம். அது லேசான மறைவு மட்டும், ஒளிய இடமில்ல. கோப்லின் எல்லாத்துக்கும் டார்க்விஷன் இருக்கு. இருட்டை நம்பற ரோக் முதல்ல எதிர்ல யாருன்னு பார்க்கணும். லேசான மறைவுல பார்வையை நம்பின பெர்செப்ஷனுக்கு டிஸ்அட்வான்டேஜ், பாஸிவ்ல −5, அது மட்டும் லாபம். லேசான மறைவுலயே ஒளிய 2014ல ஸ்கல்கர் ஃபீட் (பாத்திரத்துக்குத் தனியா எடுக்கிற சிறப்புத் திறன்) வேணும், வுட் எல்ஃப்னா இலை, கனமழை, பனிமூட்டம் மாதிரி இயற்கையான மறைப்பு போதும்.

ஃபேரி ஃபயர் மந்திரம் பட்டவனைத் தாக்கினா அட்வான்டேஜ், இன்விசிபிளா இருந்தும் பலனில்ல. 2024ல ஹைட் கொடுக்கிறதே இன்விசிபிள் நிலைங்கிறதால ரோக்குக்கு இது நேரடி எதிரி.

கோப்லின்களும் இதே ஆட்டத்தை ஆடலாம், நிம்பிள் எஸ்கேப்ல போனஸ் ஆக்‌ஷன் ஹைட் இருக்கு, ஸ்டெல்த் +6. வீரரோட பாஸிவ் 13ன்னா 2014ல 70% ஒளிஞ்சிடும். நாலுக்கும் தனித்தனியா உருட்டாதீங்க, ஒரே பகடை போட்டு எல்லா வீரர் பாஸிவோடயும் ஒப்பிடுங்க. ரவுண்டுக்கு ரவுண்டு ஒளிஞ்சு சுட்டா வீரர்களுக்கு வெறுப்பு வந்துடும். இரண்டு ஒளியட்டும், இரண்டு முன்னால வந்து மோதட்டும்.

மூன்றாம்கட்டம்:

இதே சிக்கலை பாத்ஃபைண்டர் (இதே வகை இன்னொரு விளையாட்டு) இரண்டாம் பதிப்பு எப்படிப் பிரித்திருக்கிறது என்று பார்த்தால் உங்கள் மேசைக்கும் உதவும். அங்கே இருபதுமுகம் பிரித்த முதல் இரண்டு கேள்விகளும் விதியிலேயே தனித்தனி நிலைகள்.

அப்சர்வ்டு: தெரிகிறான். ஹிடன்: கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் எந்தக் கட்டம் என்று தெரியும். அன்டிடெக்டட்: கட்டமும் தெரியாது. அன்நோட்டீஸ்டு: இப்படி ஒருவன் இருப்பதே தெரியாது. உங்கள் தூண் ரோக் அங்கே ஹிடன். எல்லோரும் பார்க்கப் போனவன் இடம் மாறாத வரை அதற்கு மேல் போக முடியாது என்பதில் வாக்குவாதமே எழாது.

ஹைட் ஒரு ஆக்‌ஷன். கவரோ மங்கலான மறைவோ இருக்க வேண்டும், எதிரியின் பெர்செப்ஷன் டிசியை ஸ்டெல்த் எட்ட வேண்டும். சாதாரண கவர் ஸ்டெல்த்துக்கு +2, கிரேட்டர் கவர் +4. பகடையை நடத்துநர் மறைவாக உருட்டுகிறார், ஒளிந்தோமா இல்லையா என்று வீரருக்கே உறுதியாகத் தெரியாது. இடம் மாற வேண்டும் என்றால் ஸ்னீக்: பாதி வேகம், முடிவில் மறுபடி கவரிலோ மறைவிலோ இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உடனே அப்சர்வ்டு. தேறினால் அன்டிடெக்டட். ஹிடன் ஆளைத் தாக்க டி20இல் 11 விழ வேண்டும், அது 50%, அதற்குப் பிறகுதான் வழக்கமான தாக்குதல். ஒளிந்து தாக்கும் அந்த ஒரு அடிக்கு இலக்கு ஆஃப்-கார்டு, ஏசி −2, ரோக்குக்கு ஸ்னீக் அட்டாக் கிடைக்கும். அடி முடிந்ததும் அப்சர்வ்டு.

ஐந்தாம் பதிப்பு மேசையில் "ஹிடன்", "அன்டிடெக்டட்" என்ற இரண்டை மட்டும் கடன் வாங்குங்கள். ஒவ்வொரு ஹைட் முடிந்ததும் டிஎம் ஒரு வரி சொன்னால் போதும்: எதிரிக்கு உன் கட்டம் தெரியும், அல்லது தெரியாது. எதிரி எந்தக் கட்டத்தைச் சுடும், எங்கே ஓடி வரும் என்பதெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும்.

அரைக்கவர்:

கடைசியாக ஒன்று. இன்னொரு வீரர் ஹாஃப்லிங், ஃபைட்டருக்குப் பின்னால் ஒளிய வேண்டும் என்கிறார். 2014 லைட்ஃபூட் (ஹாஃப்லிங்கில் ஒரு கிளையினம்). இதை ரவுண்டுக்கு ரவுண்டு எப்படிக் கணக்கு வைப்பது?

பகடைச்சத்தம்:

லைட்ஃபூட்டின் நேச்சுரலி ஸ்டெல்தி அதைத்தான் தருகிறது: தன்னைவிட ஒரு அளவாவது பெரிய உயிர் மறைத்தால் போதும், ஒளிய முயலலாம். ஹாஃப்லிங் ஸ்மால், ஃபைட்டர் மீடியம், ஆகவே சரி. சிக்கல் இனிஷியேட்டிவ் (யாருக்கு அடுத்து யார் முறை என்ற) வரிசையில்தான் வரும். ஃபைட்டர் தன் டர்னில் நகர்ந்தால் மறைப்பும் போய்விடுகிறது, எதிரி தெளிவாகப் பார்க்கிறான், ஒளிவு முடிந்தது. ஃபைட்டர் முதலில், ஹாஃப்லிங் உடனே பின்னால் என்ற வரிசை அமைந்தால் நன்றாக ஓடும். வரிசை தலைகீழாக இருந்தால் ஃபைட்டர் அந்த ரவுண்டில் நகராமல் நிற்க வேண்டும், அதை முன்கூட்டியே இரண்டு வீரரும் பேசிக்கொள்ளட்டும். எதிரி பக்கவாட்டில் வந்தாலும் இதே கதி. ஒரு ஆளுடைய உடம்பு ஒரு திசையைத்தான் மறைக்கும்.

கணக்கு வைக்க: ஒளிந்தவுடன் மினியை (பாத்திரத்தின் பொம்மை) சாய்த்துப் படுக்க வையுங்கள், உருட்டிய ஸ்டெல்த் மொத்தத்தை ஒரு சீட்டில் எழுதி அதன் அடியில் வையுங்கள். எதிரிகளின் பாஸிவ் பெர்செப்ஷன் டிஎம் திரைக்குப் பின்னால் இனிஷியேட்டிவ் பட்டியலிலேயே பெயருக்குப் பக்கத்தில் இருக்கட்டும். யாருக்கு இன்னும் தெரிகிறான் என்றால் அந்த எதிரியின் பெயருக்கு ஒரு புள்ளி. தாக்கினாலோ, மறைப்பு நகர்ந்தாலோ, சத்தம் போட்டாலோ மினியை நிமிர்த்திச் சீட்டைக் கிழித்துவிடுங்கள். பழைய எண்ணை அடுத்த ஒளிவுக்கு எடுத்துக்கொள்ள விடாதீர்கள், ஒவ்வொரு ஹைட்டுக்கும் புதுப் பகடை.